உழைக்கிற காலும் விளையாடுற காலும்

(வீரபாண்டியில் நடந்த பெண்கள் கூட்டத்தில் பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

ஜெய்பீம்.

எனக்கு மேடை பழக்கமில்லை. இருபத்திரண்டு வருசம் செக்கிங் டேபிள்ல நின்னவ நான். பீஸைத் திருப்பிப் பார்த்து ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாத்தையும் ஒதுக்கி வைக்கறதுதான் என் தொழில். அதே பழக்கத்துல இன்னைக்கு ஒரு விசயத்தைத் திருப்பிப் பார்க்கலாம்னு வந்திருக்கேன். நம்ம பொண்ணுங்க ஃபுட்பால் விளையாடற விசயம்.

கூலி உயர்வு பத்திப் பேசற கூட்டத்துல பந்து எதுக்குன்னு சிலர் கேட்டாங்க. காரணம் இருக்குதுங்க. நம்ம காலனிக்குப் பின்னாடி இருக்கற பொறம்போக்குல நாலு வருசமா நம்ம பொண்ணுங்க சாயங்காலம் விளையாடறாங்க. இப்ப அந்த இடத்துல வண்டி நிறுத்தணும், பொம்பளப் புள்ளைங்க அங்க ஆட வேண்டாம்னு ஒரு பேச்சு கிளம்பியிருக்கு. வெளியாளுங்க பேசினாப் பரவாயில்லை. நம்மாளுங்களே, 'போகட்டும் விடு, வயசுக்கு வந்த புள்ளைங்க கால் சட்டை போட்டு ஓடறது நமக்கே அசிங்கந்தானே'ன்னு சொல்றாங்க. அதுக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன்.

முதல்ல என்ற குத்தத்தை ஒத்துக்கறேன். 2017-ல் என் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துல பந்து விளையாடச் சேர்ந்திருக்கான்னு எனக்குத் தெரியாது. ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு வர்றவளுக்கு என்ன தெரியும்? ஒருநாள் கொடியில ஒரு கால் சட்டை காஞ்சுது. யாருதுன்னு கேட்டேன். என்னுதும்மான்னா. அடிச்சேனுங்க. கை வலிக்கற மட்டும் அடிச்சேன். அவ அழுகலை. "நீ தைக்கற கம்பெனியில இதைத்தானே தைக்கறீங்க"ன்னு கேட்டா.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வரலை. உண்மைதானே? உலகக் கோப்பை வருதுன்னா நம்ம ஊருக்கு மாசக்கணக்கா முன்னாடியே தெரிஞ்சு போகும். ஆர்டர் வந்துரும். எந்த நாட்டுக் கொடி, முதுகுல எந்த நம்பர்னு எல்லாம் நம்ம டேபிளைத் தாண்டித்தான் போகும். பிசிறு வெட்டி, மடிச்சு, பெட்டியில வெச்சு அனுப்பறோம். எவளோ ஒருத்தி அதைப் போட்டுக்கிட்டு ஓடறா. அந்தத் துணி நம்ம கையில இருந்தா வேலை. அதையே நம்ம புள்ளை உடம்புல போட்டா அசிங்கம். இது எப்படின்னு யோசிக்க ஆரம்பிச்சேன்.

எங்கம்மா பண்ணாடி தோட்டத்துல களை வெட்டினவ, பருத்தி எடுத்தவ. சேலையை முழங்காலுக்கு மேல தூக்கிச் சொருகிக்கிட்டுத்தான் வேலை செய்வா. வரப்புல ஆம்பளைங்க நிப்பாங்க. கால் தெரியுதேன்னு எவனாவது கேட்டானா? வேலை ஆகணும், அதனால கேக்கலை. திருவிதாங்கூர்ல நாடார் சாதிப் பெண்கள் மேல்சீலை போடற உரிமைக்கே தலைமுறை தலைமுறையாப் போராடி, 1859-ல்தான் அரசு உத்தரவு வாங்கினாங்க. அன்னைக்கு மூடாதேன்னு அடிச்சவன்தான் இன்னைக்கு மூடுன்னு சொல்றான். ஆக, பிரச்சினை நம்ம உடம்பு தெரியறதுல இல்லை. நம்ம உடம்பை யார் ஆளறதுங்கறதுல இருக்கு. அடுத்தவனுக்காக உழைக்கிற காலைப் பத்தி எவனும் கேக்கறதில்லை. தனக்காக, தன் சந்தோசத்துக்காக ஓடற காலைப் பத்தித்தான் கேக்கறான். இந்தப் புத்தி நம்ம வீட்டுக்குள்ளயும் வந்து உட்கார்ந்திருக்கு. என் கையிலயும் இருந்துது.

இது நம்ம ஊர்க் கதை மட்டுமில்லை. சீமையிலயும் இதேதான் நடந்திருக்கு. அங்க பந்தைக் கையில் எடுத்த பெண்கள் யாருன்னு பாருங்க, நம்மளை மாதிரி கம்பெனித் தொழிலாளிங்க. இங்கிலாந்தில் பிரஸ்டன் என்கிற ஊர்ல டிக் கெர்னு ஒரு தொழிற்சாலை. முதல் உலகப் போர்ல ஆம்பளைங்க பட்டாளத்துக்குப் போயிட்டதால, பெண்கள் உள்ளே வந்து வெடிகுண்டு செய்யற வேலை பார்த்தாங்க. சாப்பாட்டு இடைவேளையில பந்து ஆட ஆரம்பிச்சவங்க ஒரு அணியாவே ஆயிட்டாங்க. 1917 கிறிஸ்துமஸ் அன்னைக்குக் காயம்பட்ட சிப்பாய்களோட ஆஸ்பத்திரிக்காக ஆடினாங்க. பத்தாயிரம் பேர் பார்த்தாங்க. 1920 டிசம்பர் 26-ம் தேதி லிவர்பூல்ல ஆடினப்ப 53,000 பேர் உள்ளே. இடமில்லாம வெளியே நின்னவங்க பல ஆயிரம். லில்லி பார்னு ஒரு பொண்ணு, பதினாலு பதினஞ்சு வயசுல அந்த அணிக்கு வந்தவ. அவ அடிக்கிற பந்தோட வேகத்தைப் பத்தி ஊரே பேசுச்சாம். 1921-ல் நிலக்கரிச் சுரங்கத்தைக் கதவடைச்சு தொழிலாளிகளைப் பட்டினி போட்டப்ப, பெண்கள் அணிகள் அந்தக் குடும்பங்களுக்காகவும் ஆடிக் காசு சேர்த்தாங்க.

அந்த வருசம் டிசம்பர் 5-ம் தேதி கால்பந்துச் சங்கம் தீர்மானம் போட்டுச்சு. இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல, சங்கத்தில் இருக்கிற எந்தக் கிளப்பும் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாதுன்னு. கவனிங்க, ஆடாதேன்னு சட்டம் போடலை. மைதானத்தை மூடினான், அவ்வளவுதான். பூங்காவுலயும் பொட்டல்லயும் ஆடிக்கோன்னு விட்டுட்டான். அந்தக் கதவு திறக்க 1971 ஆச்சு. ஐம்பது வருசம்! பிரேசில்ல 1941-ல் பெண்ணின் இயல்புக்கு ஒவ்வாத ஆட்டம்னு சட்டமே போட்டான். அது 1979 வரைக்கும் இருந்துச்சு.

ஐம்பது வருசம் கதவைச் சாத்தி வெச்சுட்டு, 'பொம்பளைங்க ஆட்டத்தை யார் பார்ப்பா, கூட்டமே வராது'ன்னான். இதைத்தானே நம்மகிட்டயும் சொன்னாங்க? பள்ளிக்கூடத்துக்குள்ள விடாம வெச்சிருந்துட்டு, 'இவனுங்களுக்குப் படிப்பு ஏறாது'ன்னு. கதவைத் திறந்தப்புறம் என்ன ஆச்சு? 2022-ல் பார்சிலோனாவுல ஒரு பெண்கள் ஆட்டத்துக்கு 91,648 பேர் வந்தாங்க. 2023-ல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த பெண்கள் உலகக் கோப்பையை மைதானத்துக்கே போய்ப் பார்த்தவங்க கிட்டத்தட்ட இருபது லட்சம் பேர். சனங்க பார்வை மாறினதால பெண்கள் ஆட வரலை. பெண்கள் ஆடினதால சனங்க பார்வை மாறுச்சு. இதுதான் நான் சொல்ல வந்ததுலயே முக்கியமானது.

இந்தியாவில் பெண்களுக்கென்று தனிச் சம்மேளனம் 1975-ல் வந்தது. 1980-ல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் நம்ம பெண்கள் இரண்டாம் இடம். 1983-லும் இரண்டாம் இடம். அதே வருசம் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது வாங்கினார். பெண்கள் கால்பந்துக்குக் கிடைத்த முதல் அர்ஜுனா அது. அப்படி இருந்த அணியைக் கவனிப்பாரில்லாமப் பின்னாடி தள்ளினாங்க. 2025 ஜூலையில் தாய்லாந்தை அந்த ஊர் மண்ணுலயே 2-1 கணக்கில் ஜெயிச்சுத்தான், முதல் தடவையாத் தகுதிச் சுற்று ஆடி ஆசியக் கோப்பைக்குள்ள போனாங்க. ரெண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் என்கிற வங்காளத்துப் பெண் போட்டது.

நம்ம தமிழ்நாட்டுக்கு வருவோம். கடலூர்ல 2004 சுனாமியில பெத்தவங்களை இழந்த பிள்ளைகளைச் சேர்த்து, மாரியப்பன் என்கிற பயிற்சியாளர் பந்து சொல்லிக் கொடுத்தார். அந்த ஊர்ப் பக்கத்து இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினார். காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரைத் தோற்கடிச்சு தேசியக் கோப்பையை வாங்கினாங்க. 2019-ல் மதுரை சேது அணி இந்தியப் பெண்கள் லீகை ஜெயிச்சுது. 2023-ல் ஹரியானாவைத் தோற்கடிச்சு மறுபடியும் தேசியக் கோப்பை. பண்ருட்டிப் பக்கத்துச் சந்தியா ரங்கநாதன், ஒத்தையா நின்னு வளர்த்த தாயோட மகள். 2023 பிப்ரவரியில் சென்னையில் நேபாளத்தோட ஆடினப்பத்தான், நாட்டுக்காக அவர் ஆடறதை அம்மா முதல் தடவையா நேர்ல பார்த்தாங்க. அதை அவரே எழுதியிருந்தார். அதைப் படிச்சு நான் அழுதேனுங்க. என்ற மகள் விளையாடறதை அன்னைக்கு வரைக்கும் நானும் பார்த்ததில்லை. சனிக்கிழமை சம்பளம், ஞாயித்துக்கிழமை ஓ.டி. எங்கிட்டுப் போய்ப் பார்க்கறது?

2019-ல் 'பிகில்' படம் வந்துச்சு. பொண்ணுங்க பந்து ஆடற படம். நம்ம ஊர்த் தேட்டர்லயும் விசில் பறந்துது. ஆனா அதே ஆளுங்க, நம்ம காலனிப் புள்ளை பந்தோட ரோட்டுல போனா, "என்ன, பிகிலா?"ன்னு கிண்டல் பண்ணினாங்க. படத்துல கைதட்டறது சுலபம். அதுவும் நடுவுல ஒரு நாயகன் நின்னு வழி காட்டறப்ப இன்னும் சுலபம். நிசத்துல வழி விடறதுதான் கஷ்டம்.

அதுவும் அந்தப் பொண்ணு நம்ம பொண்ணா இருந்தா? புதுக்கோட்டை சாந்தி சௌந்திரராஜனை மறந்துட்டோமா? பந்து ஆடினவர் இல்லை, ஓட்டக்காரர். செங்கல் சூளைக் கூலிகளோட மகள், தலித் பெண். 2006-ல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர்ல வெள்ளி வாங்கினார். நீ பெண்ணான்னு சோதனை வெச்சு, பதக்கத்தைப் பிடுங்கினாங்க. உலகம் பூரா அந்தரங்கத்தைப் பேசுச்சு. அவரும் சூளையில் கல் அறுக்கத் திரும்பினார். பின்னால போராடித்தான் பயிற்சியாளர் வேலை கிடைச்சுது. ஓடி ஜெயிச்சாக்கூட நம்ம உடம்பைச் சந்தேகப்படுவான். அதனால ஓடாம இருக்கறதா? இருக்க முடியாதுங்க.

பாலு பல்வாங்கர் பத்திச் சொல்றேன். நூறு வருசத்துக்கு முன்னாடி கிரிக்கெட்ல பந்து வீசின சாமார் சாதிக்காரர். 1911-ல் இங்கிலாந்துல நூறு விக்கெட்டுக்கு மேல எடுத்தார். புனேயில மைதானத்துக்குள்ள அவர் தொட்ட பந்தை மத்தவங்க தொட்டாங்க. தேநீர் இடைவேளையில மட்டும் அவருக்கு வெளியே, தனி மண் குவளை. நம்ம ஊர் ரெட்டைக் குவளைக்கு அண்ணன் அது! என்ற அப்பாரு கவலை ஏத்தத்துக்குப் பறி தைச்சவரு. தோல் தொட்டவன்னு தள்ளி வெச்சாங்க. அதே தோலைப் பந்தாத் தைச்சு மைதானத்துல உருட்டினா தீட்டு போயிருதாம். ஜலந்தர்லயும் மீரட்லயும் பந்து தைச்ச கை யாரோட கை? நம்ம சனங்களோட கைதான். பந்து நம்ம கையில பிறந்தது, துணி நம்ம கையில தைச்சது. மைதானம் மட்டும் நமக்கு இல்லைன்னா என்ன நியாயம்?

1927-ல் அண்ணல் மகத் குளத்துல இறங்கித் தண்ணி குடிச்சது தாகத்துக்காக மட்டுமில்லை. பொது இடம் எல்லாருக்கும் பொதுன்னு காட்டறதுக்கு. 1942-ல் நாக்பூர்ல பெண்கள் மாநாட்டில் பேசினப்ப, ஒரு சமூகத்தோட முன்னேற்றத்தைப் பெண்களோட முன்னேற்றத்தை வெச்சே அளப்பேன்னு சொன்னவர் அவர். நமக்கு அந்தப் பொறம்போக்குதான் குளம். வியாசர்பாடியைப் பாருங்க, முல்லை நகர்ல அந்தச் சனங்களே மைதானத்தைக் காப்பாத்தித்தான் இத்தனை பிள்ளைகளை, பொண்ணுங்களையும் சேர்த்து, உருவாக்கினாங்க.

மைதானம் மட்டும் போதாது, நேரமும் வேணும். சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலின்னு சொல்லி மில் ஹாஸ்டலுக்குள்ள அடைபட்ட பொண்ணுங்களுக்கு எது சாயங்காலம்? எட்டு மணி நேர வேலைன்னு நாம கேக்கறது வீட்டுக்கு வந்து மறுபடி சட்டி கழுவறதுக்கில்லை. நமக்குன்னு ஒரு பொழுது வேணும். ஆகவே இந்தக் கூட்டத்துல பந்து பேசறது வேற பேச்சில்லை, கூலிப் பேச்சோட இன்னொரு பக்கம்.

என் மகள் இப்ப காலேஜ் படிக்கறா. ஞாயித்துக்கிழமை காலனிச் சின்னப் புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றா. போன வருசம் ஒரு நாள் லீவு போட்டுட்டு அவ ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். எங்கிட்டு ஓடறாங்க, எதுக்கு ஊதறாங்கன்னு எனக்கு ஒண்ணும் புரியலை. அவ கோலும் போடலை. அவ அணி தோத்துப் போச்சு. ஒருதடவை கீழே விழுந்தா, முட்டி சிராய்ச்சு ரத்தம். எந்திரிச்சா. துணியைச் சரி பண்ணலை, யார் பார்க்கறாங்கன்னு திரும்பலை. பந்து எங்கேன்னு மட்டும் பார்த்தா. என் வயசுக்கு நான் கீழே விழுந்தா, அடி பட்டுச்சான்னு பார்க்கறதுக்கு முன்னாடி சேலையைத்தான் இழுத்து விட்டிருக்கேன். அந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் கேக்கறேன்.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல மனு கொடுக்கறோம். அந்த இடத்தைப் பொண்ணுங்களுக்கும் சேர்த்து விளையாட்டு மைதானம்னு எழுதித் தரணும், ஒரு விளக்கும் ஒரு கக்கூசும் கட்டித் தரணும். இவ்வளவுதான் கோரிக்கை. அரை நாள் சம்பளம் போகும், தெரியும். இருந்தாலும் வாங்க. அம்மாக்கள் முன்னாடி நடக்கணும். நான் அடிச்ச மாதிரி அடிச்ச அம்மா யாராவது இங்க இருந்தா, அவங்க முதல் வரிசையில வாங்க.

ஜெய்பீம்.