1984 என்று எழுதிய பாட்டில்

போன மாசம் ஒரு நண்பன் வீட்டில் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் குடித்தேன். லண்டனில் இருந்து அவன் கொண்டு வந்த பாட்டில். லேபிளில் சாட்டோ முசார், லெபனான், 2005 என்று இருந்தது. முகர்ந்து பார்த்தால் லேசா ஒரு வினிகர் நெடி. "டேய், கெட்டுப் போச்சுடா" என்றேன். "சும்மா வை. ஒரு மணி நேரம் கழிச்சுக் குடி" என்றான். வைத்தேன். அப்புறம் எடுத்தால் அதே கிளாஸில் செர்ரிப் பழ வாசனை, பழைய தோல் பை வாசனை, கொஞ்சம் கிராம்பு. யாரோ கிளாஸை மாற்றி வைத்துவிட்ட மாதிரி இருந்தது. இன்னைக்கு அந்த ஒயினோட கதைதான்.

முதல்ல ஒரு சின்ன விஷயம். பாட்டிலில் 2005 என்று போட்டிருந்தால், அது திராட்சை பறித்த வருஷம். அதைத்தான் விண்டேஜ் என்கிறார்கள். அந்த வருஷ மழை, அந்த வருஷ வெயில், பறித்த ஆட்களின் உழைப்பு எல்லாம் அந்த பாட்டிலுக்குள் இருக்கிறது. அதனால ஒயின் பிரியர்கள் நல்ல வருஷம், மோசமான வருஷம் என்று பட்டியல் வைத்திருப்பார்கள். மோசமான வருஷத்தைத் தொட மாட்டார்கள்.

இப்போ லெபனானுக்குப் போவோம். 1930-ல் கஸ்தோன் ஹோஷார் என்ற 20 வயது இளைஞர் முசாரைத் தொடங்கினார். ஒயின் ஆலை பெய்ரூட்டுக்கு வடக்கே, கஸீர் என்ற ஊரில். திராட்சைத் தோட்டங்கள் மலைக்கு அந்தப் பக்கம், பெகா பள்ளத்தாக்கில், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில். ரோமானியர்கள் மதுக் கடவுள் பாக்கஸுக்குக் கட்டியதாகச் சொல்லப்படும் பிரம்மாண்டமான கோயில் அதே பள்ளத்தாக்கில், பால்பெக்கில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட மண்.

1959-ல் மகன் செர்ஜ் ஒயின் தயாரிப்பைக் கையில் எடுத்தார். இவரும் நம்ம ஆட்கள் மாதிரி சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்தான்! பிரான்ஸில் போர்தோ நகரத்தில் ஒயின் கலை படித்தார். கபர்னே சோவிஞ்யோன், சின்சோ, காரிஞ்யான் என்று மூன்று திராட்சைகள். வெளியில் இருந்து ஈஸ்ட் சேர்க்க மாட்டார். பழத்தோடு வருவதே போதும். சிமென்ட் தொட்டியில் நொதிக்க வைத்து, ஓக் மரப் பீப்பாயில் வைத்து, கலந்து, வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்து, அப்புறமும் சில வருஷம் நிலவறையில் வைப்பார்கள். அறுவடை முடிந்து ஏழாவது வருஷம்தான் கடைக்கு வரும்.

ஏழு வருஷம்! நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத ஊரில் ஏழு வருஷம் காத்திருப்பது எப்படி இருக்கும்?

1975-ல் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1990 வரை நடந்தது. தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம், ஆலை இந்தப் பக்கம். நடுவில் செக்போஸ்டுகள், துப்பாக்கிகள், போர்முனைகள். அறுவடை நேரத்தில் திராட்சை லாரிகள் இதையெல்லாம் தாண்டி வரணும். 1976-ல் முடியவில்லை. சாலை அடைபட்டிருந்தது, மின்சாரம் கிடையாது. அந்த வருஷ முசார் என்று ஒன்று கிடையாது.

உள்ளூரில் வாங்க ஆள் இல்லை. செர்ஜ் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு போனார். 1979-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஒயின் கண்காட்சியில் மைக்கேல் பிராட்பென்ட் என்ற பெரிய ஒயின் நிபுணர் முசார் 1967-ஐச் சுவைத்துவிட்டு ஊரெல்லாம் புகழ்ந்தார். அதுதான் திருப்பம். 1984-ல் 'டிகான்டர்' பத்திரிகை அதன் முதல் 'மேன் ஆஃப் தி இயர்' விருதை செர்ஜுக்குக் கொடுத்தது.

ஆனா அதே 1984-ல் ஊரில் என்ன நடந்தது தெரியுமா? சில மணி நேரத்தில் வந்து சேர வேண்டிய லாரிகள் சண்டையைச் சுற்றிக்கொண்டு வர நாள் கணக்கில் ஆனது. ஆலைக்கு வந்தபோது திராட்சை லாரியிலேயே நொதிக்க ஆரம்பித்திருந்தது. படித்த படிப்புப்படி பார்த்தால் அதைக் கொட்டிவிடணும். செர்ஜ் கொட்டவில்லை. ஒயினாக்கினார். மற்ற வருஷங்களைப் போல அது விற்பனைக்குப் போகாது என்று தெரிந்தும் பாட்டிலில் அடைத்து, 1984 என்று எழுதி, நிலவறையில் வைத்தார். பல வருஷம் கழித்துத் திறந்து சுவைத்தார்கள். விசித்திரமான ஒயின்தான், ஆனா உயிரோடு இருந்தது.

எனக்கு இந்த இடம்தான் உறுத்தியது. ஏன்னா என் ரெஸ்யூமேயில் ஒரு வருஷம் கிடையாது. 2019. வேலை போச்சு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பத்து மாசம் வீட்டிலேயே இருந்தேன். முன்னாடி வேலையின் முடிவுத் தேதியைக் கொஞ்சம் நீட்டி, அடுத்த வேலையின் தொடக்கத்தைக் கொஞ்சம் முன்னால் இழுத்து மூடிவிட்டேன். ஒவ்வொரு இன்டர்வியூவிலும் அந்த இடத்தைத் தாண்டும் வரை வயிற்றில் ஒரு பயம். அப்பாவுக்கு மருந்து எடுத்துக் கொடுத்ததும், ராத்திரி ரெண்டு மணிக்கு அவரோடு உட்கார்ந்து பழைய கதை பேசியதும் அந்த வருஷம்தான். அதை நானே கொட்டிவிட்டேன்.

போர் சாதாரண விஷயம்னு நான் சொல்ல வரலை. என் பத்து மாசத்தையும் அவங்க பதினைந்து வருஷத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. குடிங்கன்னும் சொல்லலை. செர்ஜ் செய்ததில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். அந்த வருஷம் நன்றாக இருந்ததாக அவர் நடிக்கவில்லை, நடக்கவே இல்லை என்றும் சொல்லவில்லை. வருஷத்தை எழுதி அலமாரியில் வைத்தார்.

செர்ஜ் 2014-ன் கடைசி நாளில் இறந்தார். இப்போது குடும்பத் தொழிலை நடத்துபவர்களில் அவர் மகனும் ஒருவர். பெயர் கஸ்தோன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்கும் பழக்கமான விஷயம்தானே.

நேற்று ராத்திரி என் ரெஸ்யூமேயைத் திறந்து தேதிகளைச் சரி செய்தேன். நடுவில் ஒரு வரி சேர்த்தேன்: "2019: வீட்டில், அப்பாவோடு." அடுத்த இன்டர்வியூவில் கேட்பார்கள். பதில் சொல்லிக்கலாம்.

அடுத்த வாரம் பார்ப்போம். உடம்பைப் பார்த்துக்கோங்க.