முதல் சிகரெட் எப்போது?

இன்று பட்டம் பெறும் மருத்துவர்களே, மருந்தாளர்களே, தாதியரே!

"சிகரெட்டை விட்டுடுங்க" என்று சொல்வதற்குப் பட்டம் தேவையில்லை. பினாங்கு டத்தோ கிராமாட்டில் குடியிருக்கும் உங்கள் நோயாளியின் மனைவி அதை இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். சிகரெட் பெட்டியில் அச்சடித்த படமும் சொல்கிறது. நீங்கள் படித்தவர்கள் என்பது அடுத்த கேள்வியில் தெரிய வேண்டும்: "காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட், ஐயா?"

ஐந்து நிமிடத்துக்குள் என்றால் நிக்கோட்டின் பிடி இறுக்கம். அவரிடம் மனவுறுதியைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை, மருந்தும் வேண்டும். நிக்கோட்டின் கம் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் அதைச் சாதாரண சூயிங்கம் என்று நினைத்து விடாமல் மெல்லுவார். தொண்டை எரியும், விக்கல் வரும், "இது எனக்கு ஒத்துவரல டாக்டர்" என்று தூக்கிப்போடுவார். காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் அடங்கிய பிறகு மறுபடி மெல்ல வேண்டும். கோப்பி குடித்த கால் மணி நேரத்துக்குள் மென்றால் மருந்து வாயில் சரியாக ஏறாது. நம் ஆட்கள் காலைப்பொழுதைக் கோப்பிக்கடையில் கழிப்பவர்கள். மருந்தாளர் இதைச் சொல்லாமல் கம்மை மட்டும் கொடுத்தனுப்பினால் அது வீண்தான்.

மருந்தோடு பேச்சும் வேண்டும். திருவனந்தபுரத்தில் உள்ள அச்சுத மேனன் சுகாதார ஆய்வு மையத்தார், கேரள மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்தார்கள். புகையிலையைத் தனியாக ஒரு மதிய வகுப்புக்கு ஒதுக்காமல், காசநோய், நீரிழிவு என்று நோய்ப் பாடங்களுக்குள்ளேயே சேர்த்தார்கள். அங்கிருந்து 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வை நீங்கள் எல்லாரும் படிக்க வேண்டும். நீரிழிவு உள்ள, புகைக்கும் ஆண்கள் 224 பேர். எல்லாருக்கும் மருத்துவரின் அறிவுரை கிடைத்தது. பாதிப் பேரிடம் மட்டும், மருத்துவரல்லாத ஒரு சுகாதாரப் பணியாளர் கூடுதலாக மூன்று முறை உட்கார்ந்து பேசினார். ஆறு மாதம் கழித்து, அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 12.5 விழுக்காட்டினர் விட்டிருந்தார்கள். உட்கார்ந்து பேசப்பட்டவர்களில் 51.8 விழுக்காட்டினர். நோயாளிகள் தாங்களே சொன்ன கணக்குதான், கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கழித்தாலும் இடைவெளி பெரிது. மருத்துவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்த வேலையைச் செய்து முடித்தவர் டாக்டர் இல்லை.

இங்கே மலேசியாவில் சட்டம் தள்ளாடித்தான் வந்தது. 2023 மார்ச் இறுதியில் வேப் திரவ நிக்கோட்டினை விஷப் பொருள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் 852-ஆம் சட்டம் நடப்புக்கு வந்தது 2024 அக்டோபர் 1-ல். இடையில் ஒன்றரை ஆண்டு, பள்ளிப்பிள்ளைக்கு அதை விற்றவனைத் தடுக்கச் சரியான சட்டம் இல்லை. அந்தப் பிள்ளைகள் இனி உங்களிடம் வருவார்கள். "சிகரெட் பிடிக்கிறியா?" என்றால் "இல்ல டாக்டர்" என்பார்கள். பொய்யும் இல்லை. வேப்பைத் தனியாகக் கேளுங்கள்.

நம் ஆட்களிடம் கேட்க வேண்டியது இன்னொன்று உண்டு: "தைப்பூச விரதத்துல பிடிச்சீங்களா?" டத்தோ கிராமாட் சாலை வழியாகத்தான் முருகனின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறது. தைப்பூசத்தில் காவடி எடுத்துப் போகிறவர்களில் பலர் விரத நாள்களில் மச்சம், மது, சிகரெட் மூன்றையும் தொடுவதில்லை. நிக்கோட்டின் இல்லாமல் உடல் படும் அவதி முதல் வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் அடங்கிவிடும். நாற்பத்தெட்டு நாள் விரதம் காத்தவர் அதைத் தாண்டியவர். "என்னால முடியாது டாக்டர்" என்று அவர் சொன்னால், எத்தனை நாள் விரதம் என்று கேட்டு அவர் வாயாலேயே கணக்குச் சொல்ல வையுங்கள்.

பிறகு ஏன் திரும்புகிறார்? காவடி இறக்கி, கூட்டாளிகளோடு சாப்பிட்டு முடித்ததும் ஒருவர் பெட்டியை நீட்டுகிறார். உடம்பு கேட்கவில்லை, பழகிய இடமும் பழகிய ஆளும் கேட்கிறார்கள். அதனால் விரதம் தொடங்கும் முன்பே அவரிடம் பேசுங்கள். பெட்டி நீட்டுபவரிடம் என்ன சொல்வார் என்று அவரையே சொல்லிப்பார்க்கச் சொல்லுங்கள். தைப்பூசத்துக்கு மறுநாள் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போக வேண்டும். டாக்டரா, தாதியா, மருந்தாளரா, யார் அழைப்பது என்பதை உங்கள் கிளினிக்கில் முன்கூட்டியே பேசி, பெயரோடு எழுதி வையுங்கள்.