கண்ணுக்கு எட்டாத வலைக்கண்கள்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

நான் வரலாறு பயின்றவன், விஞ்ஞானி அல்லேன். எனினும் இன்று விஞ்ஞானச் செய்தி ஒன்றையே உங்கள்முன் வைக்க விழைகிறேன். அதற்குக் காரணம் உண்டு. நான் படித்த பள்ளியில் நுண்ணோக்கி ஒன்று இருந்தது. அது கண்ணாடி அலமாரியில் பூட்டியே கிடந்தது. அதன்வழி நோக்கும் வாய்ப்பு எங்களுக்கு ஒருநாளும் கிட்டவில்லை.

கடற்பாசியைக் காய்ச்சி ஆறவைத்தால் அது உறைந்து நிற்பதை நீங்கள் அறிவீர்கள். அதில் பெரும்பகுதி தண்ணீரே. ஆயினும் அது ஓடுவதில்லை. ஏன்? பாலிமர் எனப்படும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, மீன்வலைபோல் அமைந்து, நீரைப் பிடித்துக்கொள்கின்றன. இத்தகைய பொருளே ஜெல். கண்ணில் அணியும் மென்மையான காண்டாக்ட் லென்சும், குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தை ஈர்க்கும் பொருளும் இவ்வினத்தவையே. வலை எங்கே நெருக்கம், எங்கே தளர்ச்சி என்பதைப் பொறுத்தே ஜெல்லின் தன்மை அமைகிறது.

அவ்வலைக்கண்களின் அளவோ சில நானோமீட்டர் முதல் சில நூறு நானோமீட்டர் வரைதான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே நானோமீட்டர். ஏறத்தாழ 200 நானோமீட்டரினும் நெருங்கிய இரு புள்ளிகளை ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது என்பது, ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் அபே 1873இல் வகுத்த விதியின் விளைவு. எலக்ட்ரான் நுண்ணோக்கி இன்னும் நுண்மையாகக் காட்டும். ஆனால் அதில் வைப்பதற்குப் பொருளை வழக்கமாக உலர்த்தவோ உறையவைக்கவோ வேண்டும். நீரை இழந்த ஜெல் தன் வடிவையும் இழந்துவிடுகிறது.

இத்தடைக்கு வழிகண்டவர்களுள் ஒருவர் அமெரிக்கரான எரிக் பெட்சிக். ஆராய்ச்சியை விட்டு விலகித் தந்தையின் இயந்திரத் தொழில் நிறுவனத்தில் சில ஆண்டுகள் உழைத்தவர். பின்னர் வேலையின்றி இருந்த காலத்தில், 2005இல், நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸின் வீட்டு அறையில் இருவரும் சொந்தப் பணத்தைச் செலவிட்டுப் புதிய நுண்ணோக்கியை அமைத்தனர்.

அதன் நுட்பம் எளிது. திருவிழா இரவில் தொலைவிலிருந்து நோக்கினால் நெருங்கிய விளக்குகள் ஒரே ஒளியாய்த் தோன்றும். அவற்றை ஒவ்வொன்றாக ஏற்றி அணைத்தால் ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்துக்கொள்ளலாம் அன்றோ? அவ்வாறே ஒளிரும் மூலக்கூறுகளைச் சிறிது சிறிதாக ஒளிரச்செய்து, ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றுசேர்த்தனர். 2014இல் ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோருடன் பெட்சிக் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

பின்னர் இவ்வகை நுண்ணோக்கியின் பார்வை ஜெல்லின் மீதும் திரும்பியது. சுவிட்சர்லாந்தின் ஃபிரிபோர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீரில் மிதக்கும் நுண்ணிய ஜெல் உருண்டைகளுக்குச் சாயமேற்றி ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். நெருக்கும்போது உருண்டைகளின் ஓரங்கள் ஒன்றினுள் ஒன்று ஊடுருவுவதையும், மேலும் நெருக்கினால் உருண்டைகளே சுருங்குவதையும் அவர்கள் கண்டனர்.

செல்வங்களே! அபேயின் விதி பொய்த்துவிடவில்லை. எல்லா விளக்குகளும் ஒருசேர எரியும் நிலைக்கு உரிய விதி அது. நிலை மாறியதும் வழி திறந்தது. 'இது இயலாது' என்று எவரேனும் உங்களிடம் கூறினால், 'எந்த நிலையில் இயலாது?' என்று கேளுங்கள்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தில் நுண்ணோக்கி ஒன்றை வாங்கி வையுங்கள். அதற்குப் பூட்டு மட்டும் வேண்டா.