கண்டி மலைக் கழுகுகள்



கழுகு என்றதும் நம்மிற் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கோழிக்குஞ்சுதான். முற்றத்தில் அதன் நிழல் விழுந்தாற் போதும்; தாய்மார் கூவுவர், சிறுவர் கல்லெடுப்பர். பருந்து, கழுகு, வல்லூறு, இராசாளி எனத் தமிழிற் பெயர்கள் பல இருந்தும், வானில் வட்டமிடுவது இன்னதென்று பிரித்தறிவார் மிகச் சிலரே. நானும் அறியாதவனாகவே இருந்தேன். அந்த அறியாமையால் நேர்ந்த ஒரு பிழையை இன்று கூற விரும்புகின்றேன்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், கண்டிக்கு அண்மையில் ஒரு தோட்டப் பாடசாலையில் இளம் ஆசிரியனாக இருந்தேன். பின்புறத்துப் பலாமரத்திற் பெரும் பறவையொன்று நாள்தோறும் வந்தமரும். கோழித் திருடன் என்று முடிவுகட்டிய நான், "இதனை விரட்டுவோர் எவருமில்லையா?" என்று வகுப்பிற் கேட்டேன். மறுநாட் காலையில் மாணவனொருவன் அப்பறவையைக் கூடையிலிட்டுக் கொணர்ந்தான். றப்பர்க் கவணால் அடித்திருந்தான். ஒரு சிறகு முறிந்திருந்தது. எல்லார் முன்னிலையிலும் அவனைப் பாராட்டினேன்.

பிறகுதான் கூடைக்குள் நோக்கினேன். பிடரியிற் கருமையும் வெண்மையும் கலந்த கொண்டை. மஞ்சள் விழிகள், அலகின் அடியிலும் மஞ்சள் தோல். வயிற்றில் வெண்புள்ளிகள். இறகற்ற கால்களிலே தடித்த செதில்கள். தோட்டத்து முதியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இது பாம்பு திங்கிற கழுகுங்க. இதைப் போய் அடிக்கச் சொன்னீங்களா?" என்றார். அவர் சொன்னது மெய். பாம்பும் ஓணானும் தவளையுமே அதற்குப் பெரும்பாலும் இரை. நாங்கள் இட்ட இறைச்சியை அது தீண்டவேயில்லை. மூன்றாம் நாள் இறந்தது. குழி தோண்டிய அம்மாணவன் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தப் பாம்புண்ணிக் கழுகின் இனத்தைக் கண்டி நகரிலிருந்தே காணலாம். தலதா மாளிகைக்குப் பின்னேயுள்ள உடவத்தகெலே வனம் 1938-ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்டது. வெயில் ஏறியதும் அவ்வனத்துக்கு மேலே அது சுழன்றெழும்பிச் சீழ்க்கையடிப்பது போலக் கூவும். பேரூந்து இரைச்சலுக்கிடையிலும் அக்குரல் என் செவிக்குத் தப்புவதில்லை.

கருங்கழுகைக் காண ஹந்தானை மலைக்கே ஏறவேண்டும். ஒருமுறை மாணவருடன் அங்கு நின்றபோது, எமக்குக் கீழே பள்ளத்தாக்கில் அது வந்தது. கழுகின் முதுகை மேலிருந்து கண்டது அன்றுதான். விரித்த விரல்களைப் போன்ற சிறகு நுனிகளுடன், மரமுடிகளை உரசுவதுபோல மெல்ல மிதந்து, ஏனைய பறவைகளின் கூடுகளைத் தேடிற்று. முட்டையும் குஞ்சுமே அதன் விருப்ப உணவு. கொடுமை என்பீர்கள். ஆனால் அதுவோ தன் கூட்டில் பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடும். ஒன்றை நாம் அடித்து வீழ்த்தினால், அவ்விடம் நிரம்ப நெடுங்காலம் செல்லும்.

ஒரு சிறுவன் அது சிறகடிக்கும்வரை எண்ணப்போவதாகச் சொல்லித் தொடங்கினான். எண்பது வரை எண்ணினான்; கழுகு மலைமுகட்டுக்கு அப்பால் மறைந்துவிட்டது.