தனியே செல்பவர் விருந்தாளி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு 'தீவுப் பயணமும் கவிதையும்'. பயணத்தை முதலில் பேசி, கவிதையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். காரணம் உண்டு. 2017-இல், இவ்வட்டத்தின் இரண்டாம் ஆண்டு விழாவில், பிஜித் தீவைப் பற்றி நான் ஒரு கவிதை வாசித்தேன். உங்களில் பலர் கைதட்டினீர்கள், சிலர் கண்கலங்கினீர்கள். அந்தக் கவிதையைக் குறித்து இன்று உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நாட்டில் நான் தனியே நடந்த கதையைச் சொன்னால்தான் அது விளங்கும்.

பசிபிக் பெருங்கடலின் தென்பாதியில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் நாடு பிஜி. 2017-இல் எடுத்த கணக்கின்படி மக்கள்தொகை ஒன்பது இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நமக்கெல்லாம் அந்நாடு பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' வழியாக அறிமுகமானது. 1879 மே 14 அன்று 'லியோனிடாஸ்' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு சேர்த்தது. 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டனர். 'அக்ரிமெண்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. பாரதி அத்தீவுக்குப் போனதில்லை. போகாமலே அம்மக்களின் துயரத்தைத் தன் துயரமாக்கிக்கொண்டார். நான் போனேன், போயும் என்ன கண்டேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

2016 சூலையில் நாந்தி விமான நிலையத்தில் தனியாக இறங்கினேன். ஒரு பெண் தனியே வெளிநாடு போகிறாள் என்றால் வீட்டில் என்னென்ன பேச்சு எழும் என்பது இங்குள்ள சகோதரிகளுக்குத் தெரியும். பையில் பூட்டு, இடுப்பில் பணப்பை, மனத்தில் சந்தேகம். இம்மூன்றையும் சுமந்துகொண்டுதான் போனேன். பூட்டும் பணப்பையும் பயன்பட்டன. சந்தேகத்தை எங்கே வைப்பது, எங்கே இறக்குவது என்பதைக் கற்கத்தான் நாளாயிற்று.

முதலில் மனிதரல்லாத ஆபத்துகளைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே புயற்காலம். நான் போவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், 2016 பிப்ரவரி 20 அன்று, வின்ஸ்டன் என்னும் சூறாவளி 44 உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. வீத்தி லெவு என்னும் பெருந்தீவின் வடகரையில் கூரையில்லாச் சுவர்களை நான் கண்ணால் கண்டேன். மலேரியா அந்நாட்டில் இல்லை, டெங்கு உண்டு. ஆகவே கொசுவை அலட்சியம் செய்யலாகாது. தென்னை நிழலில் படுத்துறங்குவது கவிதைக்கு அழகு, தலைக்கு ஆபத்து.

கடலைப் பற்றித் தனியே ஒரு சொல். தீவைச் சுற்றிப் பவளத்திட்டு அரணாக நிற்கிறது. அலைகள் அதைத் தாண்டி உள்ளே கொட்டும் நீரெல்லாம் திட்டில் இருக்கும் வாயில்கள் வழியாகவே வெளியேறியாக வேண்டும். நீர் வடியும் வேளையில் அந்த வாயிலில் இழுப்பு மிகுதி. ஆனால் கரையிலிருந்து பார்ப்பவருக்கு அலையடிக்காத அந்த இடமே அமைதியாகத் தெரியும். புதியவர் அதைத்தான் தேர்ந்தெடுப்பார். எந்தப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லவில்லை. மீன் கழுவிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, நான் தண்ணீரில் கால் வைத்தவுடன், கத்தியாலேயே 'அங்கே வேண்டாம், இங்கே' என்று காட்டினார். கேட்டபின் இறங்க வேண்டும் என்ற பாடத்தை அன்று படித்தேன். நானோ இறங்கியபின்தான் கேட்டேன்.

கேட்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கடற்கரை ஒருவருடையது. பிஜியின் நிலத்தில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் இத்தௌக்கெய் எனப்படும் மண்ணின் மக்களின் குலங்களுக்கு உரியது. கரையையொட்டிய மீன்பிடி நீர்ப்பரப்புக்கும் 'கோலிகோலி' என்ற பெயரில் குலமரபு உரிமை உண்டு. நாம் 'ஆளில்லாத கரை' என்று எண்ணி நடப்பது, பிறர் வீட்டு முற்றத்தில் செருப்போடு நடப்பதற்கு ஒப்பாகும்.

நான் அப்படித்தான் நடந்தேன். பேருந்திலிருந்து இறங்கி, வெயிலுக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, தோளில் பையோடு ஒரு கிராமத்துக்குள் நேரே புகுந்தேன். ஒரு சிறுவன் ஓடி வந்து தன் தலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். அவன் விளையாடுகிறான் என்று சிரித்தேன். பின்னால் வந்த முதியவர், அவ்வூரின் நிர்வாகத் தலைவர், 'துராங்கா நி கொரோ' என்பார்கள், மெல்லிய குரலில் சொன்னார்: "அம்மணி, எங்கள் ஊருக்குள் தொப்பி தலைவருக்கு மட்டும்." அவர் குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தொப்பியைக் கழற்றினேன். 'சுலு' என்னும் இடுப்புத் துணியை எனக்கு ஒரு பெண் கட்டிவிட்டார். பிறகு 'செவுசெவு' என்ன என்பதை அவர்கள் விளக்கினார்கள். ஊருக்கு வருபவர் யங்கோனா என்னும் மிளகுக் குடும்பச் செடியின் வேர்க்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து தலைவர்முன் வைக்க வேண்டும். தலைவர் அதை ஏற்றுக்கொண்டு சில சொற்கள் சொல்வார். வேரை இடித்து நீரில் கரைத்து, 'தனோவா' என்னும் மரக்கலத்திலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் தருவார்கள். கையைக் குவித்து ஒருமுறை தட்டி, வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, மும்முறை தட்ட வேண்டும். நாக்கு சற்றே மரத்துப்போகும். நான் கொண்டுபோகாத வேரை அடுத்த நகரச் சந்தையிலிருந்து யாரோ வாங்கிவந்தார்கள். பணம் நான் கொடுத்தேன்.

கவிஞர் பெருமக்களே, நம் சங்கப் புலவர்களுக்கு இது புதிதன்று. பெரியோரைக் காணச் செல்பவர் கொண்டுசெல்லும் பொருளுக்குக் 'கையுறை' என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகாதே என்று நம் பாட்டிமார் சொன்னதும் அதுவே. செவுசெவுவுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. வேரை ஏற்றுக்கொண்ட கணத்திலிருந்து வந்தவர் அந்த ஊரின் பொறுப்பு. அன்று மாலை நான் குளிக்கப் போனபோது இரண்டு பெண்கள் கூட வந்தார்கள். காவல் என்று யாரும் சொல்லவில்லை. துணை என்றும் சொல்லவில்லை. வந்தார்கள், அவ்வளவே. இடுப்பில் இருந்த பணப்பை என் பணத்தைக் காத்தது. என்னைக் காத்தது அந்த வேர்க்கட்டு.

இதைக் கேட்டு, மரியாதை ஒன்றே போதும் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். கிராமத்து வழக்கம் வேறு, நகரத்து இரவு வேறு. சுவா நகரில் இருட்டியபின் நடக்காமல் வாடகைக் காரில் போவதே அறிவு. அங்குள்ள பெண்களும் அதையே செய்கிறார்கள். வழியில் அறிமுகமாகி யங்கோனா குடிக்க அழைக்கும் அந்நியரோடு போகக்கூடாது. முறையான விருந்து ஊர் நடுவில், பலர் முன்னிலையில் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் நாள். அன்று பேருந்தும் குறைவு, கிராமங்களும் அமைதியை விரும்பும். ஒரு பொருளை மிகையாகப் புகழ்ந்தால் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர்கள் எண்ணக்கூடும். ஆகவே புகழ்ச்சியிலும் அடக்கம் வேண்டும். அமர்ந்திருப்போரைக் கடந்து செல்ல நேர்ந்தால் குனிந்து 'துலோ' என்று சொல்லிப் போக வேண்டும். குழந்தையாயினும் தலையைத் தொடலாகாது.

இவையெல்லாம் நான் சில நாட்களில் கற்றுக்கொண்டவை. கற்றுக்கொண்ட பெருமிதத்தோடுதான், நண்பர்களே, என் பெரிய பிழையைச் செய்தேன். அதைச் செய்த இடம் மண்ணின் மக்களின் கிராமமன்று, 'நம்மவர்' வீடு.

பா நகருக்கு அப்பால் கரும்புக் குடியிருப்பு ஒன்றில் ஒரு தமிழ் வழிக் குடும்பத்தை அறிமுகம் செய்துவைத்தார்கள். அங்கே போக நான் எதையும் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. யாரிடமும் முன்கூட்டிக் கேட்கவும் இல்லை. தமிழர் வீடுதானே என்ற உரிமை! எண்பது வயதை நெருங்கிய ஓர் அம்மையார் திண்ணையில் இருந்தார். தமிழில் பேசினேன். அவருக்குச் சில சொற்களே தெரிந்தன. ஆனால் தன் ஆயா பாடிய தாலாட்டு ஒன்று நினைவிருக்கிறது என்றார். பாடினார். என் கைப்பேசி அதைப் பதிவு செய்தது. பதிவு செய்யலாமா என்று நான் கேட்கவில்லை. அங்கே நிலக் குத்தகைகள் 1997 முதல் ஒவ்வொன்றாக முடிவுக்கு வந்து, தலைமுறையாகக் கரும்பு பயிரிட்டோர் பலர் வெளியேறியதை எங்கோ படித்திருந்தேன். 'இந்த நிலம் உங்களுடையதா?' என்றும் கேட்டேன். வீட்டில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. கடைசிப் பேருந்து போய்விட்டது என்று இரவு எனக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு அவர்கள் பாயில் படுத்தார்கள்.

ஊர் திரும்பி அந்தக் கவிதையை எழுதினேன். நாவை இழந்த ஒரு கிழவி, பொருள் தெரியாத தாலாட்டைப் பாடிக் கண்ணீர் விடுவதாக எழுதினேன். நீங்கள் கைதட்டிய கவிதை அதுதான்.

2023-இல் மீண்டும் அங்கே போனேன். இம்முறை முன்னதாகச் சொல்லி அனுப்பி, பழமும் சேலையும் எடுத்துக்கொண்டு போனேன். கவிதை வெளிவந்த இதழையும் பெருமையோடு கொண்டுபோனேன். நான் ஆங்கிலத்தில் சொல்ல, பேத்தி அதைப் பிஜி இந்தியில் அம்மையாருக்குச் சொன்னாள். அவர் முழுதும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதில் நான் அழுகிறேனே, எப்போது அழுதேன்?"

என்னிடம் பதில் இல்லை. பதிவை எடுத்துப் போட்டுக் கேட்டோம். அழுகை இல்லை. பாட்டை வேகவேகமாக முடிக்கும் ஒரு குரல் இருந்தது. "அடுப்பில் பருப்பு இருந்தது. பொங்கி வழிந்துவிடுமோ என்று அவசரம்" என்று சிரித்தார். பிறகு, கோபமே இல்லாமல், "எனக்கு இந்தி தெரியும். பக்கத்துக் கிராமத்தாரோடு அவர்கள் மொழியில் பேசுவேன். பேரப் பிள்ளைகளோடு இங்கிலீஷ் கொஞ்சம் பேசுவேன். எனக்கு நாக்கு இல்லை என்று எழுதினாயே, மகளே" என்றார். அக்குரல் எனக்குத் தொப்பியைக் கழற்றச் சொன்ன முதியவரின் குரலைப் போலவே மெல்லியதாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொப்பியோடு கிராமத்துக்குள் புகுந்தவள் நான். அதே தொப்பியோடு கவிதைக்குள்ளும் புகுந்திருக்கிறேன். அவர்கள் இழந்ததை மட்டும் தேடிப் போனேன். இருப்பது கண்ணில் படவில்லை. 1926-இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் அம்மண்ணில் பள்ளிகளை நடத்தி வருகிறது. 1994-இல் நாந்தியில் சிவ சுப்பிரமணிய சுவாமிக்குத் திராவிடக் கட்டடக் கலையில் புதுக்கோயில் எழுந்தது. மாரியம்மனுக்குத் தீமிதிப்பவர்கள் ஒருபுறம். பேங்காத் தீவில் கனன்ற கற்களின்மேல் நடக்கும் மண்ணின் மக்கள் மறுபுறம். இரு சாராரும் நெருப்பில் நடக்கத் தெரிந்த ஒரே நாடு அது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு இல்லாத ஒரு கண்ணீர்த் துளியைக் கொண்டுவந்து உங்கள்முன் வைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். 1884 மே மாதம் 'சிரியா' என்னும் கூலிக் கப்பல் நசிலாய்ப் பவளத்திட்டில் மோதி உடைந்தது. 59 பேர் மாண்டனர். எஞ்சியோரைக் காப்பாற்றியதில் அப்பகுதிக் கிராமத்து மக்களுக்கும் பங்குண்டு. கையில் வேர்க்கட்டோ முறைமையோ இல்லாமல், அலையில் வந்து விழுந்த அந்நியர்கள் அவர்கள். கரையிலிருந்தோர் அதை எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்தத் தாராளம் அவர்களுடையது. அதை உரிமையென்று எடுத்துக்கொள்ளாதிருப்பது நம் கடமை.

நமது பத்தாம் ஆண்டு மலருக்கு என் அந்தக் கவிதையைத் தேர்ந்தெடுத்திருப்பதாக மலர்க் குழுவினர் தெரிவித்தார்கள். அவர்களது அன்புக்கு நன்றி. அந்தக் கவிதையைச் சேர்க்க வேண்டாம் என்று இந்த அவையில் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஒதுக்கிய பக்கங்களில் இவ்வுரையை அச்சிட்டால் மகிழ்வேன். அம்மையாரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். பெயரும் ஊரும் வேண்டாம், பருப்பு மட்டும் இருக்கட்டும் என்றார்.