மாத்திரை தாயத்தல்ல

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



வைத்தியத்தைப் பற்றிப் பேசும்படி இவ்வாசகசாலையார் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நாம் வைத்தியரல்லோம், பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவருமல்லோம். ஆனாலும் கேள்வி கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லையாதலால் ஒப்புக்கொண்டோம்.

முதலில் நம் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். சென்ற மழைக்காலத்தில் நமக்குச் சளியும் காய்ச்சலும் கண்டது. மருந்துக் கடைக்குப் போய், கிருமியைக் கொல்லும் மாத்திரை நாலு வாங்கினோம். இரண்டு விழுங்கியதும் சுகமாயிற்று. மீதி இரண்டைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த வீட்டு அம்மாளுக்குக் காய்ச்சலென்றபோது தர்மம் செய்தோம். தாயத்துக் கட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற நாம் செய்த காரியம் இது! எந்தக் கிருமிக்கு, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று நாம் கேட்கவேயில்லை. கேளாமல் கட்டினால் தாயத்து என்றால், கேளாமல் விழுங்கிய மாத்திரை மட்டும் வேறென்ன?

சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதை ஒன்றும் செய்யாது. சளி தானாகவே போயிற்று. பெயர் மாத்திரைக்கு வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

சரி, பாக்டீரியாவால் வந்த வியாதியென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மருந்தின் பெயர் மாத்திரம் போதுமா? 1941 பிப்ரவரியில் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில், உடம்பெல்லாம் சீழ் பிடித்துச் சாகக் கிடந்த ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற போலீஸ்காரருக்குப் பென்சிலின் ஊசி போட்டார்கள். சில நாளில் காய்ச்சல் இறங்கியது, சாப்பிடவும் தொடங்கினார். ஆனால் மருந்து கையிருப்பு மிகக் கொஞ்சம். அவருடைய மூத்திரத்தில் வெளியேறிய பென்சிலினைக்கூடப் பிரித்தெடுத்துத் திரும்பப் போட்டார்கள். அதுவும் தீர்ந்தது. கிருமி மறுபடி தலையெடுக்க, மார்ச்சு 15-ந் தேதி அவர் இறந்தார். மருந்து தோற்கவில்லை, அளவும் நாளும் போதவில்லை.

பென்சிலினைச் சிறுநீரகம் சில மணி நேரத்தில் வெளியே தள்ளிவிடுகிறது. இரத்தத்தில் மருந்து ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருகத் தொடங்கும். ஆறு மணிக்கொருதரம், எட்டு மணிக்கொருதரம் என்று சொல்வதன் காரணம் அதுதான். அது ராகுகாலம் பார்த்து வைத்த நேரமல்ல, தோழர்களே!

குறைத்துச் சாப்பிட்டால் நஷ்டம் நமக்கு மாத்திரமா? அதுவுமில்லை. பலவீனமான கிருமிகள் சாகும். மருந்தைத் தாங்கவல்லவை மிஞ்சிப் பெருகும். பிறகு பிறருக்குத் தொற்றும். பென்சிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், 1945-இல் நோபல் பரிசுச் சொற்பொழிவிலேயே இதை எச்சரித்தார். தொண்டைப் புண்ணுக்குத் தானே மருந்து வாங்கிக் குறைவாகச் சாப்பிட்ட ஒருவனிடமிருந்து அவன் மனைவிக்குக் கிருமி தொற்றி, மருந்து பலிக்காமல் அவள் சாவதாக ஒரு கற்பனைக் கதை சொன்னார். அதைப் படித்தபோது நமக்கு அடுத்த வீட்டு அம்மாளின் ஞாபகம் வந்து நெஞ்சு சுட்டது.

அப்படியானால் டாக்டர் சொல்வதெல்லாம் வேதமோ என்று சிலர் கேட்கலாம். அதுவுமல்ல. காசநோய்க்கு ஆஸ்பத்திரிப் படுக்கையும், ஓய்வும், நல்ல ஆகாரமும் இல்லாமல் முடியாதென்று ஒரு காலத்தில் வைத்தியர்களே நம்பினார்கள். 1956-இல் சென்னையில் அதைப் பரீட்சை செய்தார்கள். நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை ஆஸ்பத்திரியிலும் மற்றதை அவரவர் வீட்டிலும் வைத்து, இருவருக்கும் ஒரே மருந்துகளை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் ஏழைகள், நெருக்கடியான குடியிருப்பு, ஆகாரமும் குறைவு. அப்படியிருந்தும் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒன்று போலவே குணமடைந்தார்கள். 1959-இல் வெளியான இம்முடிவு உலகத்தின் வழக்கத்தையே மாற்றியது. குணமாக்கியது தவறாமல் சாப்பிட்ட மருந்து!

நாள் கணக்கும் இப்படியே. நிமோனியாவுக்கு ஏழு நாள், பத்து நாள் என்று வழக்கமாகக் கொடுத்து வந்தார்கள். பரீட்சித்துப் பார்த்ததில், சீக்கிரம் தேறி வருகிற பலருக்கு ஐந்து நாளே போதுமென்று தெரிந்தது. காசநோய்க்கோ சாதாரணமாக ஆறு மாதம் வேண்டும்; இருமல் நின்றதென்று இரண்டாம் மாதம் நிறுத்துகிறவன் தனக்கும் தன் குடும்பத்துக்கும் கேடு தேடிக்கொள்கிறான். ஆகவே நீளமாய்ச் சாப்பிடுவதும் புண்ணியமல்ல, சீக்கிரம் நிறுத்துவதும் சாமர்த்தியமல்ல. வியாதிக்கு வியாதி கணக்கு வேறு.

ஆகையால் நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவே. டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள்: இது பாக்டீரியாதானா? எந்த மருந்து? எவ்வளவு? எத்தனை நாள்? ஏன்? கூச்சப்படாதீர்கள், உடம்பு உங்களுடையது. பதிலைக் கேட்டபின் அதன்படி நடவுங்கள். நிறுத்துவதானாலும் அவரைக் கேட்டே நிறுத்துங்கள். மீந்ததைப் பிறருக்குக் கொடாதீர்கள்.

அடுத்த வீட்டு அம்மாள் சுகமாயிருக்கிறார். இதோ, இக்கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார். அது நம் மாத்திரையின் மகிமை என்று மாத்திரம் யாரும் நம்பிவிட வேண்டாம்.