பங்குனி வெயிலும் மூடிய நாற்றங்காலும்

(பண்ணைப்புரம் கூட்டுறவு அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



பங்குனி பிறந்துவிட்டால் பண்ணைப்புரத்துத் தோட்டங்களில் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளுக்குக் கண்டம் பிறக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு மலையின் மழை மறைவில் உள்ள பிரதேசம். 1895-ம் வருஷத்தில் முடிந்த பெரியாறு அணையின் நீர் ஆற்றை அடுத்த நெல் வயல்களைச் செழிக்கச் செய்தது. மலையடிவாரத்துத் தோட்டக்காரருக்கோ பெரும்பாலும் கிணறே கதி. ஆனி, ஆடியில் ஆளைத் தள்ளும் காற்றும் இம்மாதத்தில் அடங்கிக் கிடக்கிறது. வெயில் ஏறிக் காற்று அடங்கிய இந்தச் சமயத்தில்தான் குடியானவர்கள் நாற்றங்காலை மூடி வைக்கிறார்கள்.

மூடுவதில் குற்றமில்லை. வெள்ளை ஈ தக்காளிக்கு இலைச்சுருள் நோயைக் கொண்டுவருவது. அதைத் தடுக்க நெருங்கிய கண்ணியுள்ள நைலான் வலை அவசியம். முளைக்கும் வரை ஈரம் காக்க வைக்கோலோ தாளோ வேண்டும். ஆனால் பாலிதீன் தாளினூடே வெயில் எளிதில் உட்புகும். உள்ளே தங்கிய உஷ்ணம் அவ்வளவு எளிதில் வெளியேறாது. உச்சிப்பொழுதில் காற்றோட்டமில்லாத மூடாக்கினுள் உஷ்ணம் வெளியைக் காட்டிலும் 10 பாகைக்கு மேலும் ஏறக்கூடும். தக்காளியும் மிளகாயும் 25 முதல் 30 பாகை சென்டிகிரேடில் நன்கு முளைப்பவை. 35-ஐத் தாண்டினால் முளைப்புக் குன்றும்.

தற்காலத்தில் 98 குழிகள் கொண்ட தட்டுகளில் தென்னை நார்க்கழிவு இட்டு விதைத்து, தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலிதீன் தாளால் மூடுவது வழக்கமாகிவிட்டது. அடுக்கு முழு நிழலில் இருக்க வேண்டும். மூன்றாம் நாள் தொடங்கித் தினமும் காலையில் பிரித்துப் பார்த்து, முளை தலைகாட்டிய அன்றே தட்டுகளைப் பரப்பிவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவருடைய முளைகள் வெளுத்து நீண்டு, வெந்த கீரை போல் சாய்ந்துவிடும். மேட்டுப் பாத்தியின் வைக்கோலுக்கும் இதுவே விதி; அதை மாலைப் பொழுதில் நீக்குவது நலம்.

இனி, மிகுந்த நஷ்டத்தை உண்டாக்கும் ஒரு வழக்கத்தைக் கவனிக்க வேண்டும். நடுப்பகலில் நாற்றுத் தலை தொங்கியதைக் கண்டதும் குடியானவர் பதறி நீர் ஊற்றுகிறார். முதலில் விரலால் மண்ணை அழுத்திப் பார்க்கட்டும். மண் ஈரமாயிருந்தும் தலை தொங்கினால் அது தாகமன்று, புழுக்கம். அதற்கு மருந்து காற்றும் நிழலும்தான். சூடும் ஈரமும் ஒருங்கே நின்றால் நாற்றழுகல் வந்துவிடும். உஷ்ணத்தால் துவண்ட நாற்று மாலையில் நிமிரும். அழுகல் கண்டதோ தரையை ஒட்டிய கழுத்தில் நீர்கோத்து மெலிந்து, திட்டுத் திட்டாகச் சாயும், நிமிராது. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் மருந்துக்கும் நீருக்கும் வீணே செலவிடுகிறார். மண் உண்மையில் உலர்ந்திருந்தால் நீர் விடத்தான் வேண்டும். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயின் முதல் நீரை மட்டும் வரப்பில் விட்டுவிட வேண்டும், அது கையையே சுடும். மற்றபடி காலையும் மாலையும் பூவாளியால் தெளிப்பதே முறை.

பந்தலின் அமைப்பும் முக்கியம். நிழல்வலையை நைலான் வலைமேல் படியவிட்டால் அதன் சூடு கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவே ஓரடியேனும் இடைவெளி விட்டு மேலே கட்டுவது நன்று. பந்தல் ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்குக் குறையலாகாது. பாதி வெயிலை மறைக்கும் வலை போதும். அதிகம் மறைத்தால் நாற்று ஒளிக்கு ஏங்கி நூலாய் வளர்ந்து, நட்டதும் ஒடியும். வலை வாங்கப் பணமில்லாதவருக்குத் தென்னங்கீற்றுப் பந்தல் இன்றும் கைகொடுக்கும். கீற்றை நெருக்கி வேயாமல் இடைவிட்டுப் பரப்ப வேண்டும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நிழலையும் நீரையும் சிறிது சிறிதாகக் குறைத்து, நாற்றைத் திறந்த வெயிலுக்குப் பழக்க வேண்டும். விலைக்கு நாற்று வாங்குவோரும், அவ்வாறு பழக்கப்பட்டதா என்று கேட்டே வாங்கவேண்டும்.

இவ்விஷயம் சங்கத்தையும் சார்ந்தது. வீரிய ஒட்டு விதை பொட்டலத்துக்குப் பெரும் விலை கொடுத்து வாங்கப்படுகிறது. அதற்குப் பயிர்க்கடன் பெற்றவர் பலர். நாற்று வெந்துபோனால் மறு விதைப்புக்கு ஒரு மாதம் பிந்தும். அதற்குள் கிணற்று நீர் இறங்கிவிடும், கடன் தவணையோ இறங்காது. பகல் 10 மணி முதல் 4 மணி வரை ஆள் காவல் இருப்பது தனிக் குடியானவருக்கு இயலாத காரியம். பத்துப் பேர் கூடிப் பொது நாற்றங்கால் போட்டால், ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து இயலும். ஓர் உஷ்ணமானியை நாற்றின் உயரத்தில், நேர் வெயில் படாமல் தொங்கவிட்டு, முறைக்காரர் 35 பாகையைக் கண்டவுடன் பக்கத் திரைகளைச் சுருட்டி, பூச்சிவலையை மட்டும் நிறுத்த வேண்டும். மாசி மாதக் கூட்டத்திலேயே முறைப்பட்டியலை எழுதிச் சங்கக் கட்டடத்துச் சுவரில் ஒட்டிவிடலாம்.